மெய்க்கீர்த்தியின் மெய்: கடாரப் படையெடுப்பு வரலாற்று உண்மையான விதம்

சில ஆண்டுகளுக்கு முன்னர்ச் சுங்கைப்பட்டாணியில் நடைபெற்ற தமிழாசிரியர் பயிலரங்கு ஒன்றில் சோழர் காலக் கடல் வாணிகம் பற்றி உரையாற்றும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. உரை முடிந்ததும் ஆசிரியை ஒருவர் எழுந்தார். "ஐயா, இராசேந்திரன் கடாரத்தை வென்றான் என்று ஆண்டுதோறும் வகுப்பில் சொல்கிறேன். கடாரம் என்பது நாம் இப்போது அமர்ந்திருக்கும் இந்த மண்தான் என்றும் சொல்கிறேன். என் மகனுடைய இடைநிலைப்பள்ளி நண்பன், அதற்கு இங்கே என்ன சான்று என்று கேட்டானாம். தஞ்சாவூர்க் கல்வெட்டு இருக்கிறது என்றேன். அது வென்றவர் எழுதியதுதானே அம்மா என்கிறான் மகன். என்ன சொல்வது?" என்றார்.

அன்று நான் கூறிய மறுமொழி நிறைவானதன்று. நீலகண்ட சாத்திரியார் முதலிய அறிஞர் பெயர்களை அடுக்கினேன். ஓர் அறிஞர் கூறினார் என்பது ஒரு செய்தியை உண்மையாக்கிவிடாது என்பதை அச்சிறுவன் என்னைவிட நன்றாக அறிந்திருந்தான். காலந்தாழ்ந்த மறுமொழியாகவே இக்கட்டுரை எழுதப்படுகிறது.

உண்மை, வாய்மை, மெய்ம்மை என்னும் சொற்களை நாம் பெரும்பாலும் ஒருபொருட் பன்மொழியாகவே வழங்குகிறோம். 'உண்மை' என்பது உள்ளதன் தன்மையைச் சுட்டும் சொல். 'வாய்மை' சொல்லைச் சார்ந்தது. கடந்தகால நிகழ்வுகளைப் பொறுத்தவரை இவ்விரண்டிற்கும் இடையிலான தொலைவே வரலாற்றாய்வின் களம். நிகழ்ந்தது நம்முன் இல்லை. நிகழ்ந்ததாகச் சொல்லும் வாய்கள் மட்டுமே உள்ளன. காண்டல், கருதல் தொடங்கி ஐதிகம், இன்மை வரை அளவைகளை எண்ணிக் காட்டும் மணிமேகலை, அவற்றின் தொகை பத்தா எட்டா ஆறா என்பதில் சமயக்கணக்கரிடையே உடன்பாடு இல்லை என்பதையும் சேர்த்தே பதிவு செய்துள்ளது. எதனை உண்மையென ஏற்பது என்பதற்கு முன், எவ்வழியால் ஏற்பது என்னும் வினா நம் மரபுக்குப் புதியதன்று. கடாரத்தைப் பற்றி எழுதும்போது மட்டும் அவ்வினாவை நாம் மறந்துவிடுகிறோம்.

'கொண்ட' என்னும் எச்சம்

கடாரப் படையெடுப்புக்கான முதன்மைச் சான்று இராசேந்திரனின் தமிழ் மெய்க்கீர்த்தியாகும். அதன் விரிவான வடிவம், அம்மன்னனின் 19ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த (கி.பி. 1030-31) தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் காணப்படுகிறது. அலைகடல் நடுவே கலங்கள் பலவற்றைச் செலுத்தி, கடாரத்து அரசன் சங்கிராம விசயோத்துங்கவர்மனை யானைகளோடு அகப்படுத்தி, அவனது செல்வத்தையும் தோரண வாயிலையும் கைப்பற்றிய செய்தியை அது கூறுகிறது. பின்னர் ஸ்ரீவிசயம், பண்ணை, மலையூர், மாயிருடிங்கம், இலங்காசோகம், மாபப்பாளம், மேவிலிம்பங்கம், வளைப்பந்தூறு, தலைத்தக்கோலம், மாதமாலிங்கம், இலாமுரிதேசம், மாநக்கவாரம் என வரிசைப்படுத்திக் கடாரத்தில் முடிக்கிறது. ஆகப் பதின்மூன்று இடங்கள்.

இதே வாசகம் ஊர்தோறும் உள்ள கோயிற்சுவர்களில் வெட்டப்பட்டுள்ளது. 'பல கல்வெட்டுகள் சான்று பகர்கின்றன' என நம் கட்டுரையாளர் எழுதுவது இதனை நம்பியே. அரண்மனையிலிருந்து புறப்பட்ட ஒரே ஓலையின் படிகளே அவை. ஒரு நாளிதழின் ஆயிரம் படிகள் ஆயிரம் சாட்சிகள் ஆகா.

மேலும், இது ஆசிரியப்பா நடையில் அமைந்த செய்யுள். அதனைச் செய்யுளாகப் படிக்கும் கடமை வரலாற்றாசிரியரைவிடத் தமிழ்த்துறையினராகிய நமக்கே மிகுதி. ஒவ்வோர் ஊர்ப்பெயர்க்கும் முன்வரும் அடைமொழிகளுள் சில அகழி, மதில், துறை பற்றிப் பேசுவதால் அவற்றை நேரில் கண்டோர் கூற்றாகக் கொள்வாருண்டு. எதுகை மோனைத் தேவையே அவற்றுட் பலவற்றை வருவித்துள்ளது என்பது என் கருத்து. பதின்மூன்றனுள் நான்கு பெயர்கள் 'மா' என்னும் அடையோடு நிற்பதையும் காண்க. ஆய்வாளர் அவற்றுள் மூன்றில் இவ்வடையை நீக்கிப் பப்பாளம் என்றும் தாம்பிரலிங்கம் என்றும் நக்கவாரம் என்றும் இடங்காண்கின்றனர். யாப்பு வேண்டிச் சேர்த்ததை ஆய்வு வேண்டிக் களைகிறோம், அது முறையானதே. ஆனால் யாப்பு சேர்த்தது 'மா' ஒன்றை மட்டுந்தானா என்றும் கேட்க வேண்டும்.

இவற்றினும் முதன்மையானது வினை. பதின்மூன்று ஊர்களும் எண்ணும்மையால் தொடுக்கப்பெற்று, இறுதியில் 'கொண்ட' என்னும் ஒரே பெயரெச்சத்தைத் தழுவி, அரசன் பெயரில் சென்று முடிகின்றன. இலக்கண அமைப்பின்படி இங்கே கூறப்படுவது ஒரு போர் வரலாறு அன்று. அரசன் பெயருக்கு முன்வரும் நெடிய அடைமொழி. அந்தக் 'கொண்ட' என்பதற்குப் பொருள் என்ன? முதற் பராந்தகன் மதுரை கொண்டான் என்றால், பாண்டிய நாட்டைக் கைப்பற்றி வைத்திருந்தான் என்பது பொருள். இரண்டாம் ஆதித்தன் பாண்டியன் தலைகொண்டான் என்றால் வேறு பொருள். இராசேந்திரனே கங்கை கொண்டான். கங்கைக்கரையை அவன் ஆண்டான் என எந்த ஆய்வாளரும் எழுதுவதில்லை. படை சென்றது, வென்றது, நீர் கொணர்ந்தது என்றே எழுதுகிறோம். அதே அரசனின் அதே மெய்க்கீர்த்தியில், சில அடிகள் தள்ளி, அதே எச்சம் கடாரத்தைத் தழுவும்போது மட்டும் அதற்குப் 'பேரரசோடு இணைத்த' என்னும் பொருளை நாம் ஏற்றுவதற்கு இலக்கண வழியில் நியாயம் இல்லை. அதிகாரிகளை அமர்த்தியதாகவோ திறை விதித்ததாகவோ அங்குச் சொல்லப்படவும் இல்லை. 'கடாரத்தைச் சோழர் ஆண்டனர்' என்பது கல்வெட்டு சொல்லாத ஒன்றைக் கல்வெட்டின் பெயரால் நாம் சொல்வதாகும்.

கடாரம் இடம்பெயர்ந்த கதை

கடாரம் கெடாவே என்பது இன்று ஐயத்திற்கு அப்பாற்பட்ட செய்திபோல் வழங்குகிறது. நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன்னர் இது எவருக்கும் தெரியாது என்பதை மாணவரிடம் சொன்னால் வியப்படைகின்றனர்.

தஞ்சைக் கல்வெட்டுகளைப் பதிப்பித்த ஹூல்ஷ், தொடக்கத்தில் கடாரத்தை அன்றைய மதுரை மாவட்டத்து இராமநாதபுரம் சமீன்தாரியிலேயே தேடினார். கிடாரம் என்னும் பெயரில் அங்கோர் ஊர் உண்டு. பின்னர், நக்கவாரம் நிக்கோபார்த் தீவுகளே என்பதும், பப்பாளம் மகாவமிசத்தில் பர்மியக் கரைத் துறைமுகமாகச் சுட்டப்படுவதும் கனகசபைப் பிள்ளை போன்றோரால் எடுத்துக்காட்டப்பட்டன. எனவே கடாரம் கடல்கடந்து கீழைப் பர்மாவுக்குச் சென்றது. பெகு நகருக்கு அருகில் காணப்பட்ட இரு கருங்கல் தூண்களை இராசேந்திரன் நாட்டிய வெற்றித் தூண்கள் என அன்றைய பர்மியத் தொல்லியலார் கருதினர். ஒரு கருத்து நிலைபெற்றுவிட்டால் அதற்கான கல்லும் கிடைத்துவிடுகிறது! ஏறத்தாழப் பத்தாண்டுகள் 'இராசேந்திரன் பர்மாவை வென்றான்' என்பதே உண்மையாக இருந்தது.

இதனை மாற்றியது 1918ஆம் ஆண்டில் ஜார்ஜ் செதெஸ் எழுதிய கட்டுரையாகும். அவர் புதிய கல்வெட்டு எதனையும் கண்டெடுக்கவில்லை. இருந்தவற்றை ஒன்றோடொன்று பொருத்தினார். பங்கா தீவுக் கோத்தா காப்பூர்க் கல்வெட்டில் வரும் 'ஸ்ரீவிசய' என்பதை 1913இல் கெர்ன் ஓர் அரசனின் பெயராகக் கொண்டிருந்தார். அது நாட்டின் பெயர் என்றார் செதெஸ்; சீனர் குறித்த நாட்டுப் பெயர்களோடு அதனை இணைத்தார். இவ்விணைப்பின் தமிழ் முனையாக நின்றது ஆனைமங்கலச் செப்பேடு. ஐரோப்பாவுக்குக் கொண்டு செல்லப்பட்டதால் 'லெய்டன் செப்பேடு' என்னும் பெயர்பெற்ற இதில் ஐந்து ஏடுகள் வடமொழியிலும் பதினாறு ஏடுகள் தமிழிலும் உள்ளன. நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்திற்கு முதலாம் இராசராசன் ஆனைமங்கலத்தைப் பள்ளிச்சந்தமாக அளித்ததே இதன் செய்தி. விகாரத்தை எழுப்பிய மன்னர் மரபை வடமொழிப் பகுதி ஸ்ரீவிசயத்தோடும் கடாகத்தோடும் தொடர்புபடுத்துகிறது. அதே மரபினனைத் தமிழ்ப்பகுதி கிடாரத்தரையன் என்கிறது. ஆகக் கடாகமும் கிடாரமும் ஒன்று. (இரண்டும் பெருங்கொப்பரையைக் குறிக்கும் சொற்கள் என்பது தமிழாசிரியர்க்குச் சுவையான செய்தி.) கடாகம் என்பது சீனப் பயணி இ-சிங் குறிப்பிடும் துறைமுகத்தோடும், மலாய்ப் பெயராகிய கெடாவோடும் ஒலியாலும் இடத்தாலும் பொருந்துகிறது.

முனைவர்ப்பட்ட ஆய்வுக்காக ஐரோப்பாவில் இருந்த காலத்தில் இவ்வாதத்தை முதன்முறையாக முழுமையாகப் படித்தபோது எனக்கு ஏற்பட்டது மகிழ்ச்சியன்று, ஒருவகைத் திகைப்பு. நான் பிறந்து வளர்ந்த மாநிலத்தின் தொன்மை பற்றிய 'உண்மை', வெவ்வேறு மொழிகளில் எழுதியோர் ஒருவரையொருவர் அறியாமல் விட்டுச்சென்ற சொற்களின் பொருத்தத்தில் தங்கியிருந்தது. அப்பொருத்தமே அதன் வலிமையும் ஆகும். சீனத் துறவிக்கும் சோழநாட்டுச் செப்பேட்டுக் கவிக்கும் பொதுவான நோக்கம் ஏதும் இல்லை. நோக்கத்தால் வேறுபட்ட சாட்சிகள் ஒன்றுபடும்போது ஊகம் உறுதிப்படுகிறது. பெகுத் தூண்களுக்கு இவ்வகைத் துணை இல்லை.

இதற்கு நேர்மாறானது, நாம் அடிக்கடி எடுத்தாளும் பட்டினப்பாலைச் சான்று. காவிரிப்பூம்பட்டினத்தில் வந்திறங்கிய பொருள்களுள் காழகத்து ஆக்கமும் ஒன்று. காழகம் கடாரமே, ஆகவே சங்ககாலம் முதலே தமிழர்க்குக் கெடாவோடு உறவிருந்தது என்பது நம்மிடையே வழங்கும் வாதம். காழகம் கடாரம் என்பதை நமக்குச் சொன்னவர் யார்? பதினான்காம் நூற்றாண்டினராகிய நச்சினார்க்கினியர். கடாரம் என்னும் பெயரைத் தமிழகம் முழுவதும் கல்வெட்டுகளும் பரணியும் பரப்பிவிட்ட பின்னர் வாழ்ந்தவர். அவர் உரை தவறென்று நான் கூறவில்லை, சரியாகவும் இருக்கலாம். ஆனால் சோழர் வெற்றியால் புகழ்பெற்ற ஒரு பெயரைக்கொண்டு எழுதப்பட்ட உரையை, சோழர்க்கு முற்பட்ட உறவுக்குச் சான்றாக்குவது வட்டத்தில் நடப்பதாகும். தேர்வுத்தாள்களில் இதனை எழுதாத மாணவரே இல்லை எனலாம்.

பேசாத சாட்சிகள்

தாக்கப்பட்டோர் என்ன சொல்கின்றனர்? லெம்பா பூஜாங்கில் 1930களில் குவாரிச் வேல்ஸ் அகழாய்வு நடத்தினார். புக்கிட் பத்து பகாட் சண்டி பின்னர் அலஸ்டயர் லேம்ப் முயற்சியால் சீரமைக்கப்பட்டது. 2009 முதல் சுங்கை பத்துவில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் இரும்பு உருக்குத் தளங்களை வெளிப்படுத்தினர். இவற்றுள் எதிலும், சோழர் படையெடுப்பை ஐயத்திற்கிடமின்றிக் காட்டும் கல்வெட்டோ அழிவுப் படலமோ கிடைத்ததாக அறிவிக்கப்படவில்லை. கெடாவின் மரபு வரலாறாகிய ஹிகாயாட் மேரோங் மகாவங்சா ரோம் நாட்டு இளவரசனையும் கருடனையும் பற்றிப் பேசுகிறது. சோழரைப் பற்றிப் பேசவில்லை. சோழர் நினைவின் சாயல் எனக் கருதத்தக்க இராஜா சூரான் கதை இடம்பெறுவது செஜாரா மெலாயுவில். அங்கும் வீழ்ந்தவையாகக் கூறப்படுவன கங்கா நகரமும் கெலாங்கியும்.

சீனக் குறிப்புகள் இன்னும் சிக்கலானவை. சோழநாட்டுத் தூதர் 1015, 1033, 1077ஆம் ஆண்டுகளில் சொங் அரசவைக்கு வந்ததை அவை பதிவு செய்துள்ளன. படையெடுப்புக்கு மூன்றாண்டுகளே கழிந்த 1028இல் ஸ்ரீவிசயத் தூதரும் எதுவுமே நிகழாததுபோல் அங்கு வந்துள்ளனர். சோழநாடு ஸ்ரீவிசயத்திற்குக் கீழ்ப்பட்டது எனச் சீன அலுவலர் பின்னாளில் குறித்து வைத்ததும் உண்டு! ஸ்ரீவிசயத் தூதர் அவ்வாறு சொல்லியிருக்கலாம். அரண்மனை வாசகம் எல்லா நாடுகளிலும் அரண்மனை வாசகமே. சீனக் குறிப்பு தவறு என எளிதாகத் தள்ளும் நாம், அதே அளவுகோலைத் தஞ்சைச் சுவருக்கும் நீட்ட வேண்டாவா?

அவ்வாறாயின் படையெடுப்பு நிகழவே இல்லையா? நிகழ்ந்தது என்பதே என் முடிவு. மெய்க்கீர்த்தி உறுதியாகச் சொல்கிறது என்பதால் நான் இம்முடிவுக்கு வரவில்லை. அது தன்னை அறியாமல் காட்டிக்கொடுக்கும் சில குறிப்புகளே காரணம். முதலாவது, காலம். 13ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த திருமலைக் கல்வெட்டு கங்கைப் படையெடுப்பு வரை கூறிக் கடலைப் பற்றிப் பேசாமல் நின்றுவிடுகிறது. 14ஆம் ஆண்டு முதல் கடாரம் இடம்பெறுகிறது. அதன்பின் நீங்குவதே இல்லை. வெறும் புகழ்ச்சியாயின் முன்னரே புகுந்திருக்கலாம். ஆறாம் ஆண்டுக்குரிய திருவாலங்காட்டுச் செப்பேட்டில் கடாக வெற்றி வருகிறதே என்பார்க்கு, அதன் வடமொழிப் புகழ்ப்பகுதி பின்னர் இயற்றிச் சேர்க்கப்பட்டது என்பதே ஆய்வாளர் கூறும் விளக்கம்.

அடுத்தது, பெயர். சிறைப்பட்டதாகக் கூறப்படும் அரசன் சங்கிராம விசயோத்துங்கன். இருபதாண்டு முற்பட்ட ஆனைமங்கலச் செப்பேடு அம்மரபின் அரசனை மாறவிசயோத்துங்கன் என்கிறது. பெயரமைப்பு பொருந்துகிறது. ஊர்ப்பட்டியலிலும் இலாமுரி அரபியர்க்கும், தக்கோலம் தாலமிக்கும், இலங்காசோகமும் பண்ணையும் பின்னாளைய சாவகக் காப்பியமாகிய நாகரகிருதாகமத்திற்கும் தெரிந்தவை. ஆயினும் ஊர்ப்பெயர் தெரிந்திருப்பது ஊரை வென்றமைக்குச் சான்றாகாது. நாகப்பட்டினத்து வணிகன் எவனும் அப்பெயர்களைச் சொல்லியிருப்பான். மேவிலிம்பங்கமும் வளைப்பந்தூறும் இன்றுவரை உறுதியான இடம் பெறவில்லை. ஆகவே பதின்மூன்று இடங்களும் தாக்கப்பட்டன என்பதை நான் எழுதமாட்டேன். ஸ்ரீவிசயத்தின் துறைமுகங்கள் சிலவற்றின்மீது சோழர் கடற்படை சென்றது, கடாரத்து அரசன் அகப்பட்டான், பொருள் கொள்ளப்பட்டது என்பதுவரை எழுதுவேன். படை சென்ற காரணம் சீன வாணிகமா, ஜார்ஜ் ஸ்பென்சர் வற்புறுத்தும் கொள்ளைப் பொருளாதாரமா என்பது இங்கு வேண்டாத வேறு வழக்கு.

ஆட்சி என்பதோ, பின்வந்த சோழர் ஆவணங்களாலேயே மறுக்கப்படுகிறது. வீரராசேந்திரன் கடாரத்தை வென்று, அடைக்கலம் வேண்டிய அரசனுக்கே திருப்பியளித்ததாக அவன் கல்வெட்டுக் கூறுகிறது. முன்னரே தன்னுடையதாயின் மீண்டும் வெல்வானேன்? 1090இல் முதலாம் குலோத்துங்கன் அளித்த சிறிய செப்பேட்டில், கடாரத்து அரசனின் தூதர் வந்து நாகப்பட்டினத்து விகாரங்களுக்காக வேண்டிக்கொள்கின்றனர். இது அயல்நாட்டு அரசனின் செயல்.

2025ஆம் ஆண்டு கங்கைகொண்ட சோழபுரத்தில் இப்படையெடுப்பின் ஆயிரமாண்டு அரச விழாவாகக் கொண்டாடப்பெற்றது; நினைவு நாணயமும் வெளியிடப்பட்டது. 14ஆம் ஆட்சியாண்டிலிருந்து பின்னோக்கி ஊகித்த 1025 என்னும் எண், நாணயம் வெளிவந்தபின் யாராலும் அசைக்க முடியாததாகிவிட்டது. தமிழ்நாட்டில் அது ஒரு பெருமிதம் என்ற அளவில் முடியும். இங்கு நிலை வேறு. மலேசியத் தமிழருட் பெரும்பாலோர் பத்தொன்பது, இருபதாம் நூற்றாண்டுகளில் தோட்டங்களுக்கும் இரயில் பாதைக்கும் வந்தோரின் வழியினர். 'வந்தேறிகள்' என்னும் சொல் எழும்போதெல்லாம் இராசேந்திரனை முன்னிறுத்துவது நம் மேடைகளின் வழக்கமாகிவிட்டது. ஒரு நாட்டில் உரிமையுடன் வாழ்வதற்கு, அந்நாட்டைத் தாக்கிய படை ஒன்றைச் சான்றாக நீட்டுவது எத்தகைய வாதம் என நான் பலமுறை எண்ணியதுண்டு. அதுவும் வென்றவன் வாய்மொழியை முதன்மையாகக் கொண்ட வாதம்.

நம்மிடம் வேறு சான்றுகள் இல்லாமலில்லை. தென் தாய்லாந்தின் கிளோங் தோமில் கிடைத்த 'பெரும்பத்தன் கல்' என்னும் சிறு உரைகல், தகுவாபாவில் மணிக்கிராமத்தார் காவலில் விடப்பட்ட குளம் பற்றிய கல்வெட்டு, சுமத்திராவின் லோபு துவாவில் ஐந்நூற்றுவர் 1088இல் பொறித்த கல்வெட்டு ஆகியவை எவரையும் வென்றதாகச் சொல்லவில்லை. பொன்னை உரைத்துப் பார்த்த தட்டான் வருங்காலத்தை நம்பவைக்கக் கல்லில் பெயர் எழுதவில்லை. கல் தன்னுடையது என்பதற்காக எழுதினான். ஆயினும் இவை நம் பாடங்களில் ஓரிரு வரிகளைக்கூடப் பெறுவதில்லை. 2013இல் லெம்பா பூஜாங்கின் பதினோராம் எண் சண்டி நிலமேம்பாட்டுப் பணியில் தகர்க்கப்பட்டபோது, கடாரம் கொண்டானைப் பற்றி மேடைதோறும் முழங்கியவர்களுள் எத்தனை பேர் அந்த இடம் எங்குள்ளது என அறிந்திருந்தனர்?

சுங்கைப்பட்டாணி ஆசிரியையின் மகனுக்குத் தஞ்சைக் கல்வெட்டோடு ஆனைமங்கலச் செப்பேட்டின் இருமொழிப் பெயர்களையும், 1028ஆம் ஆண்டுச் சீனக் குறிப்பையும் சேர்த்தே காட்டலாம். பதினைந்து வயதுச் சிறுவனால் இவற்றை எடைபோட இயலும் என்பதை அவன் வினாவே காட்டுகிறது.

இறுதியாக, இன்னும் உண்மையாகாத ஒன்றையும் இங்குக் குறிப்பிட வேண்டும். காண்டனில் தாவோ கோயில் ஒன்றைப் புதுப்பித்தது பற்றிய 1079ஆம் ஆண்டுச் சீனக் கல்வெட்டு, ஸ்ரீவிசயத் தலைவன் ஒருவனைத் 'தி-ஹுவா-ஜியா-லோ' என்கிறது. சொங் வரலாற்றில் 1077ஆம் ஆண்டுச் சோழ அரசனின் பெயரும் இதுவே. இவன் முதலாம் குலோத்துங்கனே என்னும் கருத்து, 1964இல் தான் இயோக் சியோங் இக்கல்வெட்டைப் பற்றி எழுதியது முதல் நிலவுகிறது. சிலர் ஏற்றனர்; சிலர் பெயரொலி பொருந்தவில்லை என்றனர். தமிழ்க் கல்வெட்டும் சீன எழுத்தும் ஒருசேர அறிந்தவர் மிகச் சிலரே என்பதால் வழக்கு அப்படியே நிற்கிறது. சீனப்பள்ளியில் பயின்ற தமிழ் மாணவர்கள் இன்று நம் வகுப்புகளுக்கும் வருகின்றனர். அவர்களுள் ஒருவர் இதனை ஆய்வுத் தலைப்பாக எடுத்துக்கொள்ள முன்வந்தால், நெறியாளராக இருக்க நான் அணியமாக உள்ளேன்.